ஷெட்டுவுக்கு ஆக்கிய சுவரொட்டி

ரத்தம் குறைந்தால் சுவரொட்டி. எங்கள் வீட்டில் இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆட்டின் மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வார்கள். சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர் என்பார் மாமா. அடித்துக் காட்டச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, காரணம் தெரியாமல் முகம் வெளுத்துப்போன யாருக்கும் அதுதான் மருந்து. நல்லெண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டு வதக்கி, அதில் சுவரொட்டியைப் போட்டு, மிளகைத் தட்டிப் போட்டுப் பிரட்டி இறக்க வேண்டும். மிளகாய் கூடாது. வெங்காயம் எவ்வளவு சேர்ந்தாலும் நல்லது.

அம்மா இந்த மருந்தைத் தன் உடம்பில் பார்த்தவள். நான் நான்காவது படித்தபோது எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிறந்தான் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா மட்டும் வந்தாள். உதடுகூட வெள்ளையாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இன்னா துன்னே? பப்பாளி துன்னியா? எள்ளுருண்டை துன்னியா? அம்மா ஒவ்வொருத்தியிடமும் தான் சாப்பிட்டதையெல்லாம் முதலிலிருந்து ஒப்பித்தாள். எதையாவது விட்டுவிட்டோமோ என்று நடுவில் நிறுத்தி யோசித்தாள். அப்பா வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவருடைய கை நின்றுவிடும்.

அம்மாவைப் பெற்றவர்கள் அப்போது இல்லை. நூம்பலிலிருந்து அவளுடைய அண்ணன்தான், எங்கள் மாமா, வண்டியில் சுவரொட்டி கொண்டுவருவார். தானே ஆக்கிப் போடுவார். அம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியது அதனால்தான் என்று அவளும் நம்பினாள், மாமாவும் நம்பினார். அப்பாவுக்கு மட்டும் அந்த வாசனை ஆகாது. ஈரல், குடல், தலை எதுவுமே ஆகாது. அடுப்பில் சுவரொட்டி ஏறினால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்விட்டு, வாசனை அடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் திரும்புவார். கணக்குத் தப்பிய நாளில் பின்பக்கம் போய் வாந்தி எடுப்பார். மாமா விடமாட்டார். “இன்னா மச்சான், அத்தாம் பெரிய ரயிலுக்கு அடியில பூந்து கிரீஸு தடவுற, இத்தப் பாத்தா பயப்படுற.”

அப்பா அண்ணனூர் ரயில் பணிமனையில், எங்கள் பேச்சில் ஷெட்டில், ஃபிட்டர். எங்கள் வீடு பணிமனையின் பின்பக்க மதிலை ஒட்டிய தெருவில் இருந்தது. கழுவுவதற்கு நிறுத்திய ஒரு ரயில் பெட்டிக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டியை, தம்பி போன அடுத்த மாதம், அப்பா சாப்பாட்டுக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். கூடையைத் திறந்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்தபோது குட்டி அம்மாவின் மடியில் இருந்தது. ஷெட்டில் கிடைத்ததால் ஷெட்டு. பெயர் வைத்தது மாமா.

ஷெட்டு அழகான நாய் இல்லை. தவிட்டு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அம்மா பேசினால் அந்த மடங்கிய காதை மட்டும் தூக்கும். அப்பாவின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் வாசலுக்கு ஓடும். அதே மாதிரி மணி வைத்த பால்காரருக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

நான் ஆறாவது படித்த வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அப்பாவின் மணி கேட்டும் அது எழுந்திருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்தபடி வாலை மட்டும் தரையில் ஒரு தட்டு தட்டியது. அப்பா உட்கார்ந்து அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. அம்மாவும் குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே அவள் கை தன் உதட்டுக்குப் போனது.

மறுநாள் காலையில் மாமாவின் வண்டியை வாங்கிக்கொண்டு கொரட்டூருக்குப் போனோம். ஷெட்டுவைப் போர்வையில் சுற்றி எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வைத்திருந்தேன். ஏரிக்கரை பக்கமாக, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் டாக்டரின் ஆஸ்பத்திரி. டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். ஷெட்டுவின் முன்காலில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். குழாயில் ஏறியது ரத்தம் போலவே இல்லை. தண்ணீர் விட்ட ரோஸ்மில்க் போல இருந்தது.

“ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஏன்னு இப்பவே சொல்ல முடியாது” என்றார். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஒன்று, உண்ணிக் காய்ச்சல். இரண்டு, எங்கேயாவது எலி மருந்து தின்றிருக்கலாம். மூன்று, உடம்பே தன் ரத்தத்தைத் தானே அழிக்கிற நோய். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு தடவி நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். உண்ணிக் காய்ச்சலின் கிருமி கண்ணில் படவில்லை.

“அப்போ அது இல்லீங்களா?” என்று அப்பா கேட்டார்.

“தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. இந்தப் பக்கம் அதுதான் அதிகம். அதுக்கு மருந்து தொடங்குவோம்.”

அவர் விரல் மடக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் வேலையே கிட்டத்தட்ட அதுதான். உடைந்த இரும்புப் பாகம் மேசைக்கு வந்தால், என்னென்ன காரணமாக இருக்கலாம் என்று வரிசையாக எழுதி, இல்லாததை ஒவ்வொன்றாக அடித்து, மிஞ்சுவதைக் காரணம் என்று கையெழுத்துப் போட வேண்டும். சில பாகங்களுக்கு எதையும் அடிக்க முடியாது. அப்போது, காரணம் உறுதியாகவில்லை என்று எழுதுவோம். மேலதிகாரிகளுக்கு அந்த வரி பிடிக்காது. அந்த வரியோடு ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் பார்த்தது அந்த ஐப்பசியில்தான்.

உண்ணி பொறுக்குவது என் வேலை என்று முடிவானது. பள்ளியிலிருந்து வந்ததும் சின்ன இடுக்கியும் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு ஷெட்டுவிடம் உட்கார்வேன். காது மடல், கழுத்து, கால்விரல் இடுக்கு, வால் அடி. இந்த வரிசையில்தான் பார்ப்பேன், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவமாட்டேன். சில நாளில் கொட்டாங்குச்சியில் போட ஒன்றுமே கிடைக்காமல் போனது. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

மாத்திரையும் வேலை செய்ததுபோல்தான் இருந்தது. ஷெட்டு எழுந்து நடந்து தண்ணீர் குடித்தது. அம்மா பேசினால் காதைத் தூக்கியது. சாப்பாட்டை மட்டும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்போதுதான் அம்மா சொன்னாள். “ரத்தம் கம்மின்னுதானே சொல்றாரு? அதுக்கு நம்மளாண்ட மருந்து கீதே.”

மாமா அடுத்த காலையே வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். வாசலிலேயே புகாரைத் தொடங்கினார். “கறிக்கடைக்காரன் கேக்குறான், ஊட்டுல யாருக்குண்ணே புள்ள பொறந்துகீதுன்னு. நாய்க்குன்னு சொன்னா சிரிப்பான். இன்னான்னு சொல்றது நானு?”

“எனக்குன்னு சொல்லு” என்றாள் அம்மா.

மாமா அதற்கப்புறம் சிரிக்கவில்லை. அம்மா முறத்தைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் போய்விட்டார்.

ஷெட்டு அதைத் தின்றது. முதலில் நக்கிப் பார்த்தது, பிறகு தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டவைத்து, ஒரு துணுக்கு வெங்காயம் மிஞ்சாமல் தின்றது. அன்று எங்கள் வீட்டில் பண்டிகை நாளின் சத்தம் இருந்தது. “துன்னுடா ராஜா, துன்னு” என்று அம்மா அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தம்பி போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதன்பின் மாமா தினமும் வந்தார். நூம்பலில் கிடைக்காத நாளில் பூந்தமல்லிவரை போய் வாங்கிவந்தார். அம்மா ஒவ்வொரு நாளும் வெங்காயத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனாள்.

தொட்டிச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தோம். அதனால்தான் அது கண்ணில் பட்டது. ஷெட்டு காலைத் தூக்கிய இடத்தில் காப்பி டிகாஷனை ஊற்றினாற்போல் ஒரு கறை. நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஷெட்டுவின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். விழியின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய், மருந்து குடித்துக்கொண்டிருந்த நாய், எழுந்து நிற்கவே தடுமாறியது.

இரண்டாம் முறை போனபோது டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் முன்பைவிடக் குறைந்திருந்தது. உடம்புக்குள்ளேயே உடைகிறது என்றார். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி உடையும், அந்த மூன்றாவது நோயிலும் உடையும் என்றார். நான் மேசையின் இந்தப் பக்கம் நின்று ஷெட்டுவின் தலையைப் பிடித்திருந்தேன். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக அவர் கேட்டார்.

“சாப்பாடு என்ன போடறீங்க?”

“நல்லாத்தான் சார் போடறோம். தெனமும் சுவரொட்டி” என்றார் அப்பா. அதைச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “எங்க ஊட்டுல நல்லா வெங்காயம் போட்டு வதக்கிக் குடுக்குறாங்க. அத்த மட்டும்தான் துன்னுது.”

“வெங்காயமா?”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, வெளியே குழாயடியில் இந்தக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துவாம்மா என்றார். கிண்ணத்தில் பாதி தண்ணீர் ஏற்கெனவே இருந்தது. நான் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தேன். திரும்பி வரும்போது கதவின் சொரசொரப்பான கண்ணாடி வழியாக அப்பா தெரிந்தார். பணிமனையில் பெரிய அதிகாரி முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அது நாய்க்கு விஷம். இதை நான் தெரிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு, வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது. எவ்வளவு தின்றால் எவ்வளவு உடையும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு எவ்வளவு போதும் என்பதெல்லாம் நாய்க்கு நாய் மாறும். ஷெட்டு சுவரொட்டியை முகர்ந்துகூடப் பார்க்காத நாளிலேயே அதன் ஈறு வெளுத்துப்போயிருந்தது. முதலில் வந்தது வேறு ஏதோ ஒன்று. அது என்ன, அதன்மேல் வெங்காயம் எவ்வளவு, மருந்து வேலை செய்யாமல் போனது எவ்வளவு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று அந்த டாக்டராலும் முடிந்திருக்காது. அதுவாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் நியாயமான மனிதர்.

நான் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. வெறும் சோறும் அவித்த முட்டையும் போதும் என்று மட்டும் டாக்டர் எனக்குக் கேட்கும்படி சொன்னார். நல்ல திடமான நாய் ஒன்று கிடைத்தால் அதன் ரத்தத்தை ஏற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒரு ரயில் போய், எதிர்ப்பக்கம் இன்னொன்றும் போய், கேட்டைத் தூக்கிய பிறகும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் கத்தினார். “யோவ் நைனா, தூங்குறியா?” அப்பா மெதுவாகத் தண்டவாளத்தைத் தாண்டினார்.

அம்மா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். “இன்னா சொன்னாரு?”

“உள்ளயே ஒடையுதாம். காரணம் தெரியலன்றாரு.”

“சாப்பாட்டப் பத்திக் கேட்டாரா?”

“கேட்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

அப்பா ஷெட்டுவைப் போர்வையோடு தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “நல்லாப் பாத்துக்குறீங்கன்னாரு.”

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது டாக்டர் சொன்னது அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திடமான நாய்க்கு மாமா பொறுப்பெடுத்துக்கொண்டார். நூம்பலில் அவர் வளர்த்த செவலை நாய் ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். அதை ஆட்டோவில் ஏற்றி, வழியெல்லாம் அதற்கு பிஸ்கட் ஊட்டி, கொரட்டூர்வரை கொண்டுவந்துவிட்டார். மாடிப்படிக்குக் கீழிருந்து வந்த மருந்து வாசனை மூக்கில் பட்டதும் செவலை ஒரே உதறலில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை துரத்தினார். அப்பாகூட லேசாகச் சிரித்தார். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான். செவலை சாயங்காலம் தானாக நூம்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடி அதை ஆட்டோவில் ஏற்ற யாராலும் முடியவில்லை. ஷெட்டுவைத் தூக்கிக்கொண்டு அலைவதும் இனி முடியாது என்று ஆகிவிட்டது. மாமா எங்கள் வாசலில் கையில் அறுந்த கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். “என் நாயி, என் பேச்சக் கேக்கல பாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா சுவரொட்டியை நிறுத்தவில்லை. சோறும் முட்டையும் போதும் என்று டாக்டர் சொன்னதை அப்பா சொல்லிப் பார்த்தார். “வெறும் சோத்துல ரத்தம் ஊறுமா? நான் படுத்துக் கெடந்தப்போ எனக்கு வெறும் சோறா போட்டீங்க?” என்றாள். நிறுத்து என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அப்பா நிறுத்து என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இனி நான் ஊட்டுகிறேன் என்றார். பணிமனையில் பேசி மதிய வேலைக்கு மாற்றிக்கொண்டார். அம்மா வதக்கிப் போடும் தட்டை வாங்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். திரும்பும்போது தட்டு காலியாக இருக்கும். தொட்டியடியைத் தினமும் பெருக்கும் அம்மாவின் கண்ணில் ஒரு துணுக்குகூடச் சிந்திக் கிடந்து பட்டதில்லை. அம்மாவுக்கு அந்தக் காலித் தட்டு போதுமாக இருந்தது. “துன்னுதில்ல? துன்னா ஏறிக்கும்” என்பாள்.

ஒரு சனிக்கிழமை பள்ளி இல்லை. நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். மேலிருந்து தொட்டியின் பின்பக்கம் முழுதாகத் தெரிந்தது. ஷெட்டு தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து உதிர்த்து அதன் வாயோரம் வைத்தார். அது ஒரு துணுக்கை நக்கியது. பிறகு அப்பா சுவரொட்டித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தார். வெங்காயத்தையும் விடவில்லை. வேகமாக, சரியாக மெல்லாமல், வாயில் போட்டுத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றார்.

சாகப்போகிற நாயின் சாப்பாட்டை என் அப்பா திருடித் தின்கிறார். வேறெப்படியும் எனக்குத் தோன்றவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா நம்பவில்லை. “போடி. அவருக்கு அந்த வாசனையே ஆவாது.”

“நான் பாத்தேன். வெங்காயத்தக்கூட உடாம துன்னாரு. இவ்ளோ நாளும் அவுருதான் துன்னுகினு கீறாரு.”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

“டாக்டராண்ட நீயும்தானே போன? அவரு இன்னா இன்னா கேட்டாரு? ஒண்ணு விடாம சொல்லு.”

ஒன்று விடாமல் சொல்வது எனக்குப் பிடித்த வேலை. வரிசையாகச் சொன்னேன். ரத்தம் உடைகிறது என்றார். சாப்பாடு என்ன என்று கேட்டார். அப்பா சுவரொட்டி என்றார், நல்லா வெங்காயம் போட்டு வதக்கியது என்றார். வெங்காயமா என்று டாக்டர் கேட்டார். ஊசியைக் கீழே வைத்தார். என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினார். கிண்ணத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

“அப்புறம்?”

“அப்புறம் எனக்குத் தெரியாது. திரும்பி வந்தா, சோறும் முட்டையும் போதும்னாரு.”

அம்மா அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முறத்தில் மிச்சமிருந்த வெங்காயத்தைத் தோலோடு வாரி, தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை போய்க் கொட்டிவிட்டு வந்தாள். நல்ல வெங்காயம். எதற்காகக் கொட்டினாள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் மீதான கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன். அப்பா வந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது, “துன்னுச்சா?” என்று மட்டும் கேட்டாள். அவர், துன்னுச்சு என்றார்.

மறுநாள் காலை மாமா கொண்டுவந்த சுவரொட்டியை அம்மா வெறும் தண்ணீரில் வேகவைத்தாள். எண்ணெய் இல்லை, மிளகு இல்லை, ஒன்றுமே இல்லை. தட்டில் போட்டு, எப்போதும்போல் அப்பாவின் கையில் கொடுத்தாள். நான் மாடிக்கு ஓடினேன். அப்பா வழக்கம்போல் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டவர், மெல்லாமல் அப்படியே நிறுத்தினார். வாயிலிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு அந்தத் தட்டை ஷெட்டுவின் முகத்துக்கு நேராக வைத்தார். அது தலையைத் தூக்கவில்லை. அவர் சின்னச் சின்னதாகப் பிய்த்து அதன் நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நான் புகார் சொன்னதால்தான் அப்பா திருந்தினார் என்று எனக்கு அன்று ஒரே பெருமை.

இரண்டொரு நாளில், பகல் வேளையில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஷெட்டு போய்விட்டது. அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாளாம், காது எழவில்லையாம். அப்பாவும் மாமாவும் மதிலோரம் குழி வெட்டினார்கள். மாமா குழியைத் தேவைக்கு மேல் ஆழமாக வெட்டிக்கொண்டே போனார். அப்பா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எப்போதும் கேலி பேசுகிறவர் அன்று மண்வெட்டியைக் கழுவிவைத்துவிட்டு, செவலையைச் சங்கிலியில் கட்டியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நாய் செத்ததற்கும் எங்கள் தெருவில் விசாரிக்க வந்தார்கள். ஷெட்டுவைத் தெருவுக்கே பிடிக்கும். வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள். “நல்லாத்தானே இருந்துச்சு? இன்னா துன்னுச்சு? நீ இன்னா போட்டே?”

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா வாயைத் திறந்தாள். முன்பு போல முதலிலிருந்து ஒப்பிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அப்பா இந்தமுறை வாசற்படியில் உட்கார்ந்திருக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றிருந்தார்.

“உண்ணி” என்றார். “உண்ணிக் காய்ச்சலு. டாக்டரே சொல்ட்டாரு.”

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. கண்ணாடித் துண்டில் கிருமி தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், உண்ணி என் பொறுப்பு. காது மடல், கழுத்து, விரல் இடுக்கு, வால் அடி. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணுகூட உடல என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அப்பா சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். அவர் சட்டையில் கிரீஸ் வாசனையும் புது மண் வாசனையும் வந்தன. என் தலை அவர் தோளில் இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் சமையலறை வாசல்தான் இருந்தது.

“உன்னால இல்லம்மா” என்றார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சொன்னார். “யாராலயும் இல்ல. கேக்குதா? யாராலயும் இல்ல.”

என் காது அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லையே என்று நினைத்தேன்.